கொடிக்கம்பி கடிக்கிறதாம்

786

காரைக்குடி
8-10-1969

பினாங்கில் இருக்கும் என் மகன் சுல்தானுக்கு அத்தா அல்லாபிச்சை ஸலாம் கூறி எழுதுவது. ஆண்டவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் உன் மனைவி ஜரீனாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் குதிகால் வெடிப்பை இதில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் இந்தக் காகிதம் பத்தாது.

நீ ஆள் மூலம் கொடுத்துவிட்ட ரப்பர் செருப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. நீல வார், வெள்ளை அடி, அளவு கச்சிதம். பள்ளிவாசலிலும் படுக்கையிலும் தவிர மற்ற நேரமெல்லாம் அது என் காலில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் செருப்போடு நடக்க இது என்ன தாலுகா கச்சேரியா என்று உன் அம்மா கேட்டாள். மகன் கடல் தாண்டி அனுப்பிய பொருளை வாசலில் நாய் தூக்கிப் போக விடுவதா என்று நான் கேட்டேன். 'அப்படின்னா தலையில வச்சுக்கிட்டு நடங்க' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்பது உனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் திருட்டு நடக்கிறது.

போன மாதம் மீட்டர் பார்க்க வந்தவர், என்ன ராவுத்தரே மில்லு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மீட்டருக்குள் சுற்றுகிற தகட்டைக் கவனித்து வருகிறேன். நேற்று நல்ல பகல் பதினோரு மணிக்கு வீட்டில் உள்ள ஐந்து விளக்கையும் நீ வாங்கிக்கொடுத்த காற்றாடியையும் நானே என் கையால் அணைத்தேன். அணைத்துவிட்டு மீட்டருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தகடு நிற்கவில்லை. மெதுவாக, விருந்து சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடக்கிற ஆள் மாதிரி, சுற்றிக்கொண்டேதான் இருந்தது. எரியாத விளக்குக்கு எங்கே போகிறது கரண்ட்? நான் எட்டாவது வரை படித்தவன், அதிலும் ஏழாவதை இரண்டு தடவை படித்தவன். எனக்கே இது புரிகிறது. யாரோ இழுக்கிறார்கள்.

யார் என்று கேட்பாய். நமக்கும் அடுத்த வீட்டுப் பெரியகருப்பனுக்கும் பின்பக்கம் ஒரே சுவர். அவன் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறான். சுவரில் காது வைத்துக் கேட்டேன். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நாடகம் நன்றாக இருந்ததால் அரை மணி நேரம் காதை எடுக்க முடியவில்லை, அது வேறு விஷயம். மறுநாள் நேரிலேயே நைசாகக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, 'எங்க வீட்டுல கரண்ட்டே இல்லையே ராவுத்தரே, இன்னும் அரிக்கேன் விளக்குத்தான். ரேடியோ பேட்டரியில ஓடுது' என்றான். கரண்ட்டே இல்லாதவன்தானே எடுக்கப் பார்ப்பான்? இதை அவனிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் நடந்தது. நீ போன தடவை கொண்டுவந்த கட்டம் போட்ட துண்டு, கொல்லைக் கொடியில் காய்ந்தது, காணவில்லை. கொல்லைச் சுவர் தாழ்வு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கொல்லைக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின் தாழ்வாரத்துக்குள்ளேயே கொடி கட்டிவிட்டேன். கயிறு தொய்கிறது என்று, நம் கடைக்கு உப்பு மூட்டையோடு வந்த இரும்புக் கம்பியையே நீட்டிக் கட்டினேன். சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. நீ பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தி கரண்ட் இழுத்தபோது வயர் ஓடுவதற்குச் சுவரோடு மரப்பட்டி அடித்தார்கள் அல்லவா, அது தேக்கு. அதில் நாலங்குல ஆணி அடித்தேன். யானையைக் கட்டினாலும் தாங்கும்.

இப்போது உன் மனைவி விஷயம். ஐந்தாவது மாதம், முகத்தில் தெளிச்சி இருக்கிறது, கவலைப்படாதே. ஆனால் அந்தப் புதுக் கொடி கட்டிய மூன்றாம் நாள், 'மாமா, கொடிக்கம்பி கடிக்குது' என்றாள். நான் கம்பிக்குப் பல் முளைத்ததா என்று கேட்டேன். அதற்கு அவள், தொண்டியில் அவர்கள் வீட்டுச் சுவரும் மழைக்காலத்தில் இப்படித்தான் கடிக்கும், கடல் காற்றுப் பட்ட பழைய வீடு, பெண்களெல்லாம் பலகை மேல் நின்றுதான் சுவிட்சைத் தொடுவார்கள் என்று சொன்னாள். தொண்டி எங்கே, காரைக்குடி எங்கே? இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ்ஸில் பாதி நாள் போக வேண்டும். உப்பு வாங்கப் போன இடத்தில் உனக்குப் பெண் பார்த்தது நான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பேச்சில் நாளைக்கு மூன்று தடவை தொண்டி வந்தால் என்ன அர்த்தம்? ஏழாம் மாதம் அழைத்துப் போவதற்கு முன்னாலேயே தாய்வீடு போகக் காரணம் தேடுகிறாள் என்று எனக்குப் படுகிறது. நீ ஒன்றும் எழுதிவிடாதே. நான் கண் வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. உன் சம்பாத்தியத்தில், ரிஸ்கில், பரக்கத்தை ஆண்டவன் தருவான்.

உன் நலம் கேட்டு துஆச் செய்யும் அத்தா
மு. அல்லாபிச்சை


786

காரைக்குடி
30-10-1969

மகன் சுல்தானுக்கு அத்தாவின் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. ஜரீனா உனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள் என்பதும் அதில் கொடிக்கம்பியைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்பதும் அதிலிருந்து தெரிந்தது. அத்தா, அது என்ன என்று பாருங்களேன் என்று நீ எழுதியிருக்கிறாய். பார்த்துவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

இங்கே ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்து ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் காயவே மாட்டேன் என்கிறது. உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் அடுக்கியிருக்கிற பின் அறைச் சுவர் வேர்த்துக் கொட்டுகிறது. அந்தச் சுவர் என் அத்தா காலத்திலிருந்தே மழைக்கு வேர்க்கும், புதிது இல்லை. வருஷாவருஷம் பெருநாளுக்கு வெள்ளையடிக்கும்போது சுவர், மரப்பட்டி, சுவிட்ச் பலகை எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு பூச்சுப் பூசிவிட்டால் அடங்கிவிடும்.

போன வாரம் நாலு தடவை பியூஸ் போயிற்று. கடையில் விற்கிற பியூஸ் கம்பியை நீ பார்க்க வேண்டும், கிழவன் தலைமுடி மாதிரி இருக்கிறது. மெல்லியதாகக் கொடுத்தால்தானே அடிக்கடி வாங்க வருவோம் என்று அந்தக் கடைக்காரன் நினைத்திருக்கிறான். நானும் வியாபாரிதான், எனக்குத் தெரியாதா? மூட்டை கட்டுகிற கம்பியை மூன்று புரியாக முறுக்கிப் பியூஸ் கட்டையில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. என் படிப்புக்கு இது பெரிய காரியம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பொறாமை.

ஜரீனா சும்மா இருக்கவில்லை. சின்னராஜ் என்று ஒரு வயர்மேன் செக்காலைப் பக்கம் இருக்கிறாராம், அவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று உன் அம்மா மூலமாகச் சொல்லவைத்தாள். சரி, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வரச்சொன்னேன். வந்த மனிதர் மெயினைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்க்கவில்லை. நேரே பின் அறைக்குப் போய்ச் சுவரை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வயர்மேன் சுவரை நக்கி நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? பார்த்துவிட்டு, வீட்டு வயர் முழுவதையும் கழற்ற வேண்டும், மரப்பட்டியை எடுத்துவிட வேண்டும், எர்த் புதிதாகப் போட வேண்டும் என்று கல்யாணச் சாமான் ஜாபிதா மாதிரி சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒரு பொறி தட்டியது. உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டேன். 'தொண்டிப் பக்கந்தாங்க' என்றார். எப்படி இருக்கிறது பார்! மருமகளும் தொண்டி, வயர்மேனும் தொண்டி, இரண்டு பேருக்கும் சுவர் கடிக்கிறது. டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதோடு விடவில்லை. நானே சோதனை செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். உன் அம்மாவைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே, தாழ்வாரத்தில் நின்று கொடிக்கம்பியைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. ஈரக் கைலியை மேலே போட்டுவிட்டுப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே காட்டினேன். நான் தொங்கியது உன் அம்மாவுக்குச் சிரிப்பாக இருந்தது, அவ்வளவுதான். ஜரீனா என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, 'மாமா, அந்தச் செருப்பைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்க' என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மாமனாரிடம் செருப்பைக் கழற்று என்று சொல்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது? யோசித்துப் பார்த்ததில் புரிந்தது. நீ எனக்குச் செருப்பு அனுப்பினாய், அவளுக்குக் கடிதம் மட்டும்தான் அனுப்பினாய். அந்த மனக்குறை. சின்னப் பெண், நினைக்கத்தான் செய்வாள். அடுத்த தடவை ஆள் வந்தால் அவளுக்கும் ஏதாவது கொடுத்துவிடு. சீப்பு, கண்ணாடி என்று ஏதாவது.

ஆனால் அதற்குப் பிறகு அவள் செய்கிறதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. துணி உலர்த்தும்போது சாப்பிட உட்காருகிற மணைப் பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் ஏறி நின்று உலர்த்துகிறாள். எட்டாத உயரமா? நல்ல வளர்த்தி உள்ள பெண். எதற்கு ஏறுகிறாள்? சுவருக்கு மேலே அடுத்த வீட்டைப் பார்க்கிறாளா என்று நானும் அதே பலகையில் ஏறிப் பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. அப்படியானால் வேறு என்ன, என் சோதனையை அவள் நம்பவில்லை என்பதைத் தினமும் எனக்குக் காட்டுவதற்கு. கேட்டால், 'வயித்துல புள்ளை இருக்கு மாமா' என்கிறாள். பிள்ளை வயிற்றில் இருக்கிறவள் பலகையில் ஏறலாமா?

ஆகவே மகனே, நீ ஒரு கடிதம் எழுது. எனக்கு அல்ல, அவளுக்கு. கொஞ்சம் கண்டிப்பாகவே எழுது. அத்தா சோதித்துப் பார்த்துவிட்டார்கள், இல்லாததைச் சொல்லாதே, அத்தா பேச்சைக் கேட்டு நட என்று எழுது. கடிதத்தில் சிரிப்பு வார்த்தை போடாதே. நீ எழுதினால்தான் அடங்குவாள். நான் சொன்னால் பலகையில் ஏறி நிற்கிறாள்.

நோன்பு வரப்போகிறது. அங்கே நோன்புக் கஞ்சிக்கு வழி உண்டா என்று எழுது. ஆண்டவன் உன்னைக் கண்ணின் மணியாகக் காப்பானாக.

அத்தா
மு. அல்லாபிச்சை


786

காரைக்குடி
26-11-1969

என் மகன் சுல்தானுக்கு அத்தா எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஜரீனாவும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போனாள். இதை இரண்டு தடவை படித்துக்கொண்டு அப்புறம் கீழே போ. எழுத்து கோணலாக இருந்தால் நோன்புக் களைப்பு என்று எடுத்துக்கொள்.

நீ ஜரீனாவுக்கு எழுதிய கடிதம் பதினேழாம் தேதி வந்தது. தபால்காரரிடம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தாழ்வாரத்துத் தூணோரம் நின்று படித்தாள். ஒரு தடவைதான் படித்தாள். மடித்து, தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாத்திரம் தேய்க்கப் போனாள். அதற்குப் பிறகு கம்பியைப் பற்றியும் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. தொண்டி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. நான் எதைக் கேட்டாலும் 'சரி மாமா' என்றாள். பலகையை மட்டும் விடவில்லை. நான் தலையைக் காட்டினால் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், நான் போன பிறகு உலர்த்துவாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. உன்னிடம் மறைக்கக் கூடாது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து என் இடது செருப்பின் வார் அறுந்தது. ஊக்குப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. தைக்கக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீடு வந்தேன். மழை பிடித்துக்கொண்டதால் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே தொழுதுவிடலாம் என்று தாழ்வாரத்துத் தொட்டியில் ஒளுச் செய்தேன். கையும் முகமும் காலும் சொட்டச் சொட்ட, துடைப்பதற்குக் கொடியில் கிடந்த துண்டை எட்டி எடுத்தேன். துண்டோடு கம்பியும் கைக்குள் வந்தது.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் கம்பியைப் பிடிக்கவில்லை, அது என்னைப் பிடித்தது. விட வேண்டும் என்று தெரிகிறது, கை கேட்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கலிமாவைக்கூட மனதுக்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. அப்போது கண்ணோரத்தில் பார்த்தேன். ஜரீனா மணைப் பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறினாள். கொடிக்கு முட்டுக்கொடுக்கிற கவைக்கம்பை எடுத்தாள். ஓங்கி என் மணிக்கட்டில் ஒரு அடி போட்டாள். மகனே, அந்த நேரத்திலும் உன் அத்தாவின் புத்தி எப்படிப் போயிற்று தெரியுமா? கடிதத்துக்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். சாகப் போகிறவனுக்கும் சந்தேகம்! இரண்டாவது அடியும் போட்டாள். மூன்றாவது அடியில் கை கழன்று நான் சுவரோரம் போய் விழுந்தேன்.

உன் அம்மா ஓடிவந்தாள். என்னைத் தூக்க வந்தவளை ஜரீனா கம்பை நீட்டித் தடுத்து, 'மாமி, கம்பிகிட்ட வராதீக, முதல்ல மெயினை அணைங்க' என்று கத்தினாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெயின் அணைந்த பிறகு கம்பைக் கீழே போட்டாள். அதே பலகையில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். நான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சத்தம் கேட்டுப் பெரியகருப்பன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். கீழே நான் கிடக்கிறேன், பக்கத்தில் கம்பு, எதிரே மருமகள். 'மருமக கையால அடி வாங்குற அளவுக்கு என்ன செஞ்சீக ராவுத்தரே?' என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்டான். என்னிடம் அதற்குச் சரியான பதில் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. அவன்தான் சுவர் ஏறிக் குதித்து என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். வாயில் தண்ணீர் ஊற்றினான், அன்றைய நோன்பு போயிற்று. பின்னால் அதற்கு ஈடாக ஒரு நோன்பு வைத்துக் களாச் செய்ய வேண்டும்.

அன்று இரவு முழுக்க வீட்டில் அரிக்கேன் விளக்கு. அதுவும் பெரியகருப்பன் வீட்டு விளக்கு.

மறுநாள் காலையில் சின்னராஜைத் தேடி நானே போனேன். போன தடவை டீயோடு அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, 'டீ நல்லாத்தான் இருந்துச்சு ராவுத்தரே' என்று பையை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் பியூஸ் கட்டையை உருவினார். என் மூன்று புரிக் கம்பியை விரலில் தூக்கிப் பிடித்து, 'இதுல மாட்டைக் கட்டலாம். வீடு எரிஞ்சு முடிஞ்சாலும் இது எரியாது' என்றார். பியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பதே அது முதலில் எரிந்து நம்மைக் காப்பாற்றுவதற்காம். நான் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன்.

பிறகு தாழ்வாரத்து மரப்பட்டியின் மூடியைப் பெயர்த்தார். முப்பது பெருநாள் சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே இரும்புத் திருகாணியெல்லாம் துருப்பிடித்துப் பொடியாக இருந்தது. வயரின் மேல் சுற்றிய ரப்பரும் துணியும் தொட்டால் உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நாலங்குல ஆணி, நடுவில் ஒரு நூல் இடைவெளி, அந்த இடைவெளியிலும் உப்பு ஊறிய ஈர மரம். 'இந்த ஆணியை யாரு அடிச்சது?' என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். ஜரீனா தரையைப் பார்த்தாள்.

எப்படி இப்படி ஆயிற்று, இது கடலோர வீடு இல்லையே என்று கேட்டேன். அவர் பின் அறை மூட்டைகளைக் காட்டினார். 'கடலை மூட்டையில கட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்து அடுக்கியிருக்கீகளே, இதுக்கு மேல என்ன வேணும்? தொண்டியிலயாச்சும் உப்பு காத்துல வரும். உங்க வீட்டுல சுவத்துக்குள்ளயே குடியிருக்கு. அங்குட்டுக் கடலோரத்துல பத்து வருசத்துக்கு ஒருக்கா வயரைப் பிரிச்சுப் பாத்துருவாக. நீங்க பாக்காம வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சு மூடி வச்சுட்டீக' என்றார். மீட்டர் தகடு சுற்றியதும் அதனால்தானாம். ஈரச் சுவர் வழியாகக் கரண்ட் மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. திருடன் என் சுவர்தான். நான் பெரியகருப்பன் வீட்டு நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை மட்டும் ஏன் அது முதலில் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டேன். சின்னராஜ் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள். 'ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொட்டுட்டு, வெறுங்காலோட வேலை செய்யிற புள்ளையப் பொய்க்காரி ஆக்குனீக' என்றாள். ரப்பர் கரண்ட்டை விடாதாம், காய்ந்த பலகையும் விடாதாம். அந்தப் பெண் செருப்பைக் கழற்றச் சொன்னது அதற்குத்தான். நான் உனக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவு இருக்கிறது. அந்தக் கடிதத்தை நீ கிழித்துப்போட்டுவிடு.

வேலை ஐந்து நாள் நடந்தது. மரப்பட்டி முழுக்க எடுத்தாயிற்று. புது வயர், சுவரோடு ஒட்டாமல் பீங்கான் கட்டை மேல் ஓடுகிறது. திருகாணியெல்லாம் பித்தளை. கொல்லையில் ஆள் உயரம் குழி தோண்டி எர்த் போட்டார்கள். அதில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட வேண்டும், அரை மூட்டை உப்புக் கொடுங்கள் என்றார் சின்னராஜ். உப்பால்தான் இத்தனையும் வந்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இப்போது உப்பு கேட்கிறீர்களே என்று எனக்கு மறுபடியும் ஒரு சந்தேகம் எழுந்தது. குழியில் கொட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கொட்டத்தான் செய்தார். அந்த இடத்தில் வெயில் காலத்தில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

உப்பும் கருவாடும் கடைக்குப் போய்விட்டன. மூட்டையை நகர்த்தும்போது அதன் பின்னாலிருந்து உன் கட்டம் போட்ட துண்டு வந்தது. நான்தான் தலைச்சுமைக்குச் சும்மாடு கட்டிவிட்டு அங்கே போட்டிருக்க வேண்டும். பெரியகருப்பன் வீட்டுக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சுவரில் காது வைத்தது உட்பட. இனிமேல் நாடகத்துக்கு உள்ளேயே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறான். கொல்லையில் பழைய தேங்காய் நார்க் கயிறே மறுபடியும் கொடியாகிவிட்டது. நேற்றுப் பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தகடு அசையவில்லை. நெடுநேரம் பார்த்தேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். நீ ஜரீனாவுக்கு எழுதிய கடிதம் உன் கடிதம் இல்லை, என்னுடையது. நான் சொல்ல நீ எழுதினாய். பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாள். அதன் மேல் வைக்க இன்னொன்று வேண்டும். இந்தத் தடவை என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியவும் தெரியாது. நான் அவளிடம் போய், மகளே தப்பு என்னுடையது என்று சொன்னேன். 'பரவாயில்லை மாமா' என்றாள். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உடனே தொண்டிக்குப் போய் இருந்துவிட்டு வா, நானே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னேன். 'ஏழாம் மாசம் போய்க்கிறேன் மாமா' என்கிறாள். கோபத்தில் இருக்கிறாளா, பாசத்தில் இருக்கிறாளா? புத்தி வந்த பிறகும் எனக்குச் சந்தேகம் விடவில்லை பார். நீ எழுதினால் தெளிந்துவிடும். பெருநாளுக்குள் வந்து சேருகிற மாதிரி எழுது. இன்றைக்கே எழுது. எனக்குப் பதில் பிறகு எழுதலாம், எழுதாவிட்டாலும் குற்றமில்லை.

எனக்குச் செருப்பு அனுப்ப வேண்டாம். தைத்து வந்துவிட்டது, நான்தான் போடவில்லை.

இந்தக் காகிதத்தில் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். ஜரீனாவிடம் கொடுத்து, உனக்கு எழுத வேண்டியது இருந்தால் எழுதி ஒட்டிவிடு, நான் படிக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். காலியாக வந்தால் அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஆண்டவன் நல்ல ஆயுளைத் தரட்டும். அதற்கு அதன் தாயின் புத்தியையும், அவள் சொன்னால் கேட்கிற காதையும் தரட்டும். ஆமீன்.

உன் அத்தா
மு. அல்லாபிச்சை


மாமா எழுதாமல் விட்டதை மட்டும் எழுதுகிறேன். மாமாவுக்கு வலது கை இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதினார்கள். நோன்புக் களைப்பு இல்லை. வைத்தியரிடம் நானும் மாமியும் கூட்டிப் போகிறோம்.

செருப்பு அனுப்புங்கள். இரண்டு சோடி. மாமாவுக்கு ஒன்பதாம் நம்பர், எனக்கு ஆறு.

ஜரீனா